எல்லாரும் வருகிற கேமரா

சிவராமன் கண்ணாடி மேசையின் மேல் மஞ்சள் துணி ஒன்றை விரித்து இரண்டு கேமராக்களையும் அதில் வைத்தான். ஒன்று கறுப்பு. மெலிசானது, சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். மற்றது வெள்ளி நிறம். பொத்தானைத் தொட்டால் அதன் மூக்கு ர்ர்ரென்று வெளியே நீண்டது, திரும்பத் தொட்டால் உள்ளே போனது. அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத படியேறிப் போனால் அவனுடைய அறை. ஜப்பானிலிருந்து மொத்தமாக வருகிற பழைய பிலிம் கேமராக்களைச் சுத்தம் செய்து விற்பான். பிலிம் கழுவி அச்சுப் போட்டும் தருவான். இப்போது கல்லூரிப் பையன்களுக்கெல்லாம் பிலிம் பைத்தியம் பிடித்திருந்ததால் சனிக்கிழமைகளில் படியிலேயே நிற்க வேண்டியிருக்கும். அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வந்திருந்ததால் சுதாவும் ஜரினாவும் மட்டும்தான்.

ஜரினா முதலில் கறுப்பை எடுத்தாள். அவள் வலது மணிக்கட்டில் தோல்நிறப் பட்டை சுற்றியிருந்தது. சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியைக் குத்திக் குத்தி எடுக்கிற ஆரி வேலை பன்னிரண்டு வருஷமாக. பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்துக் கல்யாணப் பெண்களில் பாதிப் பேரின் ரவிக்கை அவள் கைபட்டுத்தான் போகும். கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. அதுவரை அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தது சுதா இரவல் கொடுத்த பழைய கேமராவில். லென்ஸோடு சேர்த்தால் கிலோவுக்குப் பக்கத்தில் வரும்.

"இன்னாக்கா இது, கையில இருக்கறதே தெரில," என்றாள் ஜரினா. கண்ணில் வைத்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். "சுவத்துல சாஞ்சிகினு நின்னாலும் கடை முழுசா தெரிது."

"இருபத்தெட்டு எம்.எம். நம்பர் கம்மியாக ஆக அகலம் ஜாஸ்தி," என்றான் சிவராமன். "சில்வர் முப்பத்தெட்டுலதான் ஆரம்பிக்கும். ஆனா தூரத்துல இருக்கறத இழுத்துக் காட்டும். விலை ரெண்டும் ஒண்ணுதான். யோசிச்சுச் சொல்லுங்க." அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஜரினா இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு சுதாவின் முகத்தைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கக்கா. ஏப்ரல்ல சஹர் கல்யாணம். எங்க மாடி ரூம் உங்களுக்குத் தெரியுமே, பத்துக்குப் பத்து. மருதாணி அன்னிக்கு இருவது பொம்பளைங்க குந்தியிருப்பாங்க. ஆம்பள போட்டோகிராபர உள்ளயே உடமாட்டோம். நான்தான் எடுக்கணும்."

சஹர் அவளுடைய நாத்தனார். கல்யாணம் முடிந்ததும் மஸ்கட் போகப்போகிறவள்.

சுதாவுக்குப் பதில் தெரியும். பத்துக்குப் பத்து அறை, இருபது பேர், மணிக்கட்டு வலி. கறுப்புக் கேமராவை இவளுக்கென்றே எவனோ செய்து அனுப்பியதுபோல இருந்தது. வாயைத் திறந்து அதைச் சொல்லவேண்டியதுதான். ஆனால் அவள் பார்வை ஜரினாவின் தோளுக்கு மேலே போய், சுவரில் இருந்த தக்கைப் பலகையில் நின்றது.

தனக்குப் பிடித்த படங்களை மட்டும் சிவராமன் அதில் குத்தி வைப்பான். மொத்தம் பதினோரு படங்கள். நடுவில் இருந்தது ஜரினா எடுத்தது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை இறுக்கமாகிப்போய் மூன்று பெண்கள் சேர்ந்து கொக்கியை இழுக்கிறார்கள். ஒருத்தி வாயில் ஊசி. இன்னொருத்தி முழங்காலைப் பெண்ணின் இடுப்பில் கொடுத்து இழுக்கிறாள். நாலு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அது சுதாவின் கேமரா. சுதா வாங்கிக்கொடுத்த பிலிம். வெளிச்சம் பார்ப்பது எப்படி என்று சுதாதான் மொட்டைமாடியில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை வேலைக்குக் கொடுக்க சுதா போனபோது, "தோள்ல மாட்டியிருக்கறது இன்னாக்கா?" என்று ஜரினா கேட்டதில் ஆரம்பித்தது எல்லாம்.

சுதா ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். ஒரு நாளைக்கு நானூறு காற்சட்டை கண்முன்னே போகும். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நிற்கும். பதினான்கு வருஷமாகப் படம் எடுக்கிறாள். அவள் படங்களில் சாய்ந்த கோடு ஒன்று இருக்காது, வெளிச்சம் கூடியோ குறைந்தோ இருக்காது. சிவராமன் ஒவ்வொரு முறையும், "சுத்தமா இருக்கு மேடம்," என்பான். பலகையில் ஒன்றைக்கூடக் குத்தியதில்லை. ஜரினாவின் படம் அங்கே ஏறிய அன்று சுதா அதன் முன்னால் நின்று பிழைகளை எண்ணினாள். ஓரத்தில் நிற்பவளின் கை வெட்டுப்பட்டிருக்கிறது. டியூப்லைட் சாய்ந்திருக்கிறது. கண்ணாடியில் ஃப்ளாஷ் தெறிக்கிறது. எட்டுப் பிழைகள். அவள் எண்ணிக்கொண்டிருந்தபோதே பின்னாலிருந்து ஒரு கல்லூரிப் பையன் எட்டிப் பார்த்து, "செம்ம," என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து வயிற்றில் ஒரு காந்தல். ஜரினாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தால்கூட அது எரியும்.

"சில்வரை எடுத்துக்கோ," என்றாள் சுதா.

"அப்டியாக்கா?"

"அகலமான லென்ஸுல ஓரத்துல நிக்கறவங்க மூஞ்சியெல்லாம் இழுத்துக்கும். ஒல்லியா இருக்கறவ குண்டாத் தெரிவா. கல்யாண வீட்டுல யாருக்குப் பிடிக்கும்? அப்புறம் அந்தக் கறுப்புல மேல இருக்கற டிஸ்ப்ளே செத்துப்போச்சுன்னா ரிப்பேர் பண்ண ஆளே கிடையாது. சில்வர்ல ஜூம் இருக்கு. நீ உக்காந்த இடத்துலயே கிட்ட இழுத்துக்கலாம், கைக்கும் சிரமம் இல்ல."

சொன்னதெல்லாம் உண்மை. எந்தக் கேமரா தெரிந்தவனைக் கேட்டாலும் ஆமாம் என்பான். அந்த நினைப்பு சுதாவுக்குப் பெரிய தைரியமாக இருந்தது. ஜரினா கறுப்பை இன்னொரு முறை கண்ணில் வைத்துப் பார்த்தாள். பிறகு மஞ்சள் துணியின்மேல் மெதுவாக வைத்தாள்.

பேருந்து நிறுத்தம்வரை அவள் வெள்ளிக் கேமராவைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். "நீங்க இல்லன்னா நான் பாட்டுக்கு அத்த வாங்கினு போயிருப்பேன்," என்றாள். சுதா ஆவடிப் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் முடிந்ததும், சுதா தனியாக அந்தப் படிகளை ஏறினாள். கறுப்புக் கேமரா இன்னும் அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி, பிள்ளை பள்ளியிலிருந்து வரத் தாமதமாகி, தெருமுனையில் தலை தெரியும்போது வருமே, அப்படி இருந்தது.

"ஜரினாக்காவுக்கா மேடம்?" என்றான் சிவராமன், பேட்டரியைப் போட்டபடி. "அன்னிக்கே நெனச்சேன். அவங்களுக்கு இதுதான் செட் ஆவும்."

இல்லை என்று சொன்னால் யாருக்கு என்று கேட்பான். "ஆமா," என்றாள் சுதா. "சொல்லிடாதீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அது இன்னும் அசிங்கமாகப் பட்டதால் சேர்க்கவில்லை.

குவார்ட்டர்ஸில் அவள் கணவன் சண்முகசுந்தரம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். "இத்துனூண்டு இருக்கு. ஜரினாகிட்டக் காட்டினியா? அந்தப் பொண்ணுதான் சந்தோஷப்படும்," என்றான். அவனுக்கு அதில் எந்தக் குத்தலும் இல்லை. அவள் கேமராவை வாங்கிப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டுச் சாதம் வடிக்கப் போனாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதை எடுத்துக்கொண்டு சுற்றினாள். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் நடைமேடை, குவார்ட்டர்ஸின் மஞ்சள் சுவர்கள், நூம்பலில் வண்ணக்கல் நட்டு மனை பிரித்திருந்த வயல். பூந்தமல்லி மார்க்கெட்டில் பூக்கட்டுகிற ஒருத்தியின் விரல்கள் பிடித்துப்போய் நின்றாள். கண்ணில் வைத்துப் பார்த்தால் பூக்காரி எங்கேயோ தூரத்தில், சுற்றிலும் ரோடு, ஆட்டோ, மெட்ரோ தூண். அகலமான லென்ஸுக்குப் பக்கத்தில் போகவேண்டும். மூச்சுப் படுகிற பக்கம். இரண்டடி எடுத்து வைத்தாள். பூக்காரி நிமிர்ந்து, "இன்னாம்மா, எவ்ளோ வேணும்?" என்றாள். சுதா கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஷார்ப்பா வந்திருக்கு மேடம்," என்றான் சிவராமன், ரோலைக் கழுவித் தந்தபோது. பிறகு படங்களைத் திரும்ப ஒருமுறை தள்ளிப் பார்த்தான். "ஆளே இல்லியே ஒண்ணுலயும்." ஜரினாவுக்கு என்று வாங்கிய கேமராவில் எடுத்தவை இவை என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்கிற ஆள் இல்லை.

நோன்பு ஆரம்பிப்பதற்கு நாலைந்து நாள் முன்பு ஜரினா வீட்டுக்கு வந்தாள். சஹரின் நிச்சயதார்த்தத்தில் எடுத்த முதல் ரோல். சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்பினாள். பாதி முகம், ஒரு தோள், லட்டு பிடித்த கை, கதவு நிலை. மூன்று பேர் வரவேண்டிய இடத்தில் ஒன்றரைப் பேர். முழுசாக எடுப்பதற்காக வராந்தாவுக்கு இறங்கி நின்றதில், சில படங்களில் கதவுச் சட்டமும் அதற்குள்ளே தூரத்தில் தலைகளும்.

"நான்தான் சரியா நிக்கலக்கா," என்றாள் ஜரினா. "பின்னாடி போலாம்னா செவுரு. பீரோ மேல ஏறிக்கூடப் பாத்தேன்."

சுதா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மாதக்கணக்காக இருந்த காந்தலின் மேல் யாரோ மோர் ஊற்றியதுபோல இதமாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்துக்குள்ளேயும் அந்த இதம் போகவில்லை. அப்போது ஒரு படம் கையில் வந்தது. சஹரின் காது மட்டும். அதில் ஜிமிக்கியைத் திருகுகிற அவள் அம்மாவின் இரண்டு விரல்கள். விரல் நுனி நடுங்கிக் கொஞ்சம் கலைந்திருந்தது. மற்றபடி படத்தில் ஒன்றுமே இல்லை. சுதாவால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"இதுவும் வெட்டுப்பட்டிருச்சு," என்று சொல்லி அதை மற்றப் படங்களுக்கு அடியில் தள்ளினாள்.

ஜரினா டீ குடித்தாள். வழக்கமாக உடனே கிளம்புகிறவள் அன்று உட்கார்ந்தே இருந்தாள். பீரோவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "வேற ஒண்ணும் இல்லியேக்கா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"இல்ல, சும்மா கேட்டேன்," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நோன்பு முடிந்து பெருநாளும் போனது. பெருநாளன்று ஜரினாவின் கணவன் மஸூத் வண்டியில் வந்து சேமியாப் பாயசத் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போனான். ஜரினா வரவில்லை. ஏப்ரலில் ஒரு மாலை போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை மருதாணிக்கா. ஞாயித்துக்கிழமை நிக்காஹ். என் கேமராவுல எல்லாரும் வரமாட்டேங்கறாங்க. நீங்க வந்து எடுத்துக் குடுங்க. ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் வந்துடுங்க."

சுதாவிடம் இருந்த பெரிய கேமராவில் அந்த அறைக்குத் தோதான லென்ஸ் கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு போய், முடியவில்லை என்று கையை விரித்துவிட்டு வரலாம். வியாழக்கிழமை முழுவதும், நானூறு காற்சட்டைக்கு நடுவே, அதைத்தான் நினைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து கறுப்புக் கேமராவை எடுத்துக் கைப்பையில் போட்டாள். நேற்றுதான் வாங்கினேன் என்று சொல்லிவிடலாம். பாரிவாக்கம் தாண்டிப் பூந்தமல்லி வரும்வரை பேருந்தில் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

கீழே மஸூத் நாற்காலிகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான். மாடி அறையிலிருந்து பெண்களின் சத்தம் படிவரை வழிந்தது. கட்டிலை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. நடுவில் திண்டின்மேல் சாய்ந்து சஹர். அவள் கையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, மருதாணி போடுவதற்காக நூம்பலிலிருந்து வந்திருந்த புஷ்பா, கோனைப் பிழிந்து கொடி வரைந்துகொண்டிருந்தாள். ஜரினா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் முழங்கைவரை பச்சையாக, ஈரமாக, முழங்காலின்மேல் மலர்ந்திருந்தன.

"குந்துங்கக்கா. கொண்டாந்துட்டீங்களா?"

சுதா பக்கத்தில் இடம் பண்ணி உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். "இது, நேத்துதான் ஒரு இடத்துல..."

"சிவராமன் சொன்னாருக்கா," என்றாள் ஜரினா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். சுற்றிலும் இருந்த சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. "மொத ரோல் வாங்கப் போனேன்ல, அன்னிக்கே. சுதா மேடம் உங்களுக்குன்னு கறுப்ப வாங்கினு போனாங்களே, குடுத்தாங்களான்னு கேட்டாரு. குடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டு வந்தேன். வேற இன்னா சொல்றது."

சுதா கேமராவை எடுத்து மடியில் வைத்தாள்.

"அந்த ரோல எடுத்துகினு உங்க ஊட்டுக்கு வந்தனே, அப்ப குடுப்பீங்கன்னு நெனச்சேன். அப்பால பெருநாளைக்குத்தான் வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். எங்க ஊட்டுக்காரருகிட்டகூடச் சொன்னேன், அக்கா இன்னாமோ வெச்சினு கீறாங்கன்னு." ஜரினா தன் கைகளைப் பார்த்தாள். "சஹருக்கும் முன்னாடி மொத ஆளா ரெண்டு கையிலயும் போட்டுகினேன். இன்னிக்கு என்னால எதையும் தொட முடியாது. நீங்கதான் எடுக்கணும். சஹர் போயிட்டா இந்த மாரி எல்லாரும் ஒண்ணா குந்த எப்ப வாய்க்குமோ."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் சுதாவுக்கு வழி இருந்திருக்கும். எழுந்து போயிருக்கலாம், அழுதிருக்கலாம், நீ மட்டும் என்ன என்று எதையாவது இழுத்திருக்கலாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் எதிரே சஹர், "சுதாக்கா, என்னைய எடுங்க, என்னைய எடுங்க," என்று மூக்கைச் சுருக்கினாள்.

சுதா எழுந்து சுவரோடு சாய்ந்து நின்று கண்ணில் வைத்தாள். எல்லாரும் வந்தார்கள். இருபது பேர், ஜன்னல், சுவர்க் கடிகாரம், மூலையில் சுருட்டி வைத்த மெத்தைகூட வந்தது. கோடுகள் நேராக இருந்தன. அவள் அழுத்தினாள். ஃப்ளாஷ் அடித்தது. இரண்டு, மூன்று. எடுக்கும்போதே தெரிந்தது, இவை சுத்தமான படங்கள் என்று.

"அங்கியே நின்னுகினு கீறீங்களே. உள்ள வாங்கக்கா," என்றாள் ஜரினா. "ராணியக்கா காலாண்ட குந்துங்க."

ராணி பக்கத்து வீட்டுக்காரி. காலை மடக்கி இடம் விட்டாள். சுதா உட்கார்ந்தாள். ராணியின் கொலுசு தொடையில் இடித்தது, யாருடைய தலையிலிருந்தோ மல்லிகை மூக்கில் பட்டது. "இன்னும் முன்னால. சஹர் அம்மா இப்ப அழுவாங்க பாருங்க, மூக்குத்தியத் தொட்டாங்கன்னா அழப்போறாங்கன்னு அர்த்தம்." சுதா முழங்காலால் நகர்ந்தாள். சஹரின் அம்மா மூக்குத்தியைத் தொட்டாள். கண் நிறைந்தது. சுதா அழுத்தினாள். "அந்தாண்ட, ரெண்டு பேரு ஒரே டம்ளர்ல குடிக்கறாங்க." அழுத்தினாள். "கீழ வெச்சு எடுங்க, பாயோட." பாயில் கன்னம் படக் குனிந்து அழுத்தினாள்.

பத்துப் படம் போவதற்குள் சுதாவுக்குப் புரிந்துவிட்டது. விரல் தன்னுடையது, கேமரா தன்னுடையது, எடுப்பது ஜரினா. இந்தப் படங்களில் ஏதாவது ஒன்று பலகையில் ஏறினால் அதன்கீழே யார் பெயரை எழுதுவது? அவமானத்தோடு அந்தக் காந்தலும் கூடவே இருந்தது. இந்தப் பெண்கள் எல்லாரும் ஜரினா பார்க்கிற பக்கம் தானாகத் திரும்புகிறார்கள். கேமரா இல்லாமலேயே இவளுக்கு எல்லாரும் வருகிறார்கள். தனக்கு யாராவது இப்படி வந்ததுண்டா என்று யோசித்தபடி அவள் சஹரின் பாதத்தை எடுத்தாள், புஷ்பாவின் பல்லிடுக்கில் இருந்த கோன் மூடியை எடுத்தாள், கடைசியாகத் திரும்பி ஜரினாவை எடுத்தாள். ஜரினா எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை. லென்ஸைப் பார்த்தாள். சுதா அழுத்தியதும் முப்பத்தாறு முடிந்து, கேமரா தானாகவே வீய்ங்கென்று பிலிமை உள்ளே சுருட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

"அவ்ளோதானா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள்.

சத்தம் நிற்கும்வரை அதைக் கையில் பிடித்திருந்துவிட்டு, சுதா பாயில் வைத்தாள். சஹருக்கு முடித்துவிட்டு நெட்டி முறித்த புஷ்பா அவள் பக்கம் திரும்பினாள். "நீங்களும் நீட்டுங்க மேடம். கோன்ல மிச்சம் கீது."

"எனக்கு வேணாம். காலைல வேலைக்குப் போகணும்."

"நீட்டுங்கக்கா," என்றாள் ஜரினா.

சுதா வலது கையை நீட்டினாள். மணிக்கட்டில் முதல் கோடு சில்லென்று இறங்கியது. புஷ்பா வேகக்காரி. ஒரு பூ, அதைச் சுற்றி ஐந்து இலை, விரல்களுக்கு ஏறுகிற கொடி. மடக்காதீங்க, கோணலாயிடும் என்றாள். முடித்துவிட்டு ராணியிடம் போனாள்.

கீழே மஸூத் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சாப்பிட இறங்கினார்கள். சஹரைக் கைபடாமல் தூக்கி நிறுத்தி இருவர் அழைத்துப்போனார்கள். சுவரோரம் இவர்கள் இருவர் மட்டும், விசிறிக்குக் கீழே, உள்ளங்கைகளை மேலே பார்க்க வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஜரினாவின் துப்பட்டா தோளிலிருந்து வழுக்கி விழுந்து பாயிலிருந்த கேமராவைப் பாதி மூடியது. அவளால் அதை எடுக்க முடியாது. கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மருதாணி படாத சுதாவின் இடது கை சும்மாதான் இருந்தது. பாயின்மேல், துப்பட்டாவின் ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.